பிலிப்பைன்ஸ் பாணியில் பூல் ஆடக் கற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கியூ என்ற நீளக் கோலால் வெள்ளைப் பந்தை அடித்து மற்றப் பந்துகளை டேபிள் ஓரத்துப் பாக்கெட்டுகளில் விழவைக்கும் ஆட்டம் பூல். அதை ஆடத் தொடங்கிய நம்மவர்கள் பலர் பிலிப்பைன்ஸ் சாம்பியன் எஃப்ரன் ரேயஸ் ஆடும் வீடியோவைப் பார்த்துவிட்டு "இது எப்படி முடியும்?" என்று கேட்கிறார்கள். அப்படி வரும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். நேர் ஷாட்களை ஓரளவு பாக்கெட்டில் போடத் தெரிந்தவர்களை மனதில் வைத்து எழுதியது இது.

பிலிப்பைன்ஸ் பாணி என்று தனியாக ஒன்று இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் பெரும்பாலோர் அதைக் கையில் தேடுகிறார்கள். தளர்ந்த மணிக்கட்டு, வளைந்து வளைந்து ஆடும் கியூ, நீளமான ஸ்ட்ரோக், இவைதான் முதலில் கண்ணில் படும். அந்தக் கை அசைவை அப்படியே எடுத்துக்கொண்டவர்களுக்கு நேர் ஷாட்கூடத் தவற ஆரம்பிக்கிறது.

அந்த ஊர் ஆட்டக்காரர்களின் உண்மையான பலம் இரண்டு. வெள்ளைப் பந்து மோதிய பிறகு எங்கே போய் நிற்கும் என்பது அவர்களுக்கு அடிப்பதற்கு முன்பே தெரியும். அடிக்க வேண்டிய பந்து வேறொரு பந்துக்குப் பின்னால் மறைந்திருந்தால், வெள்ளையைக் குஷனில் (டேபிளின் ரப்பர் ஓரத்தில்) மோதவிட்டுப் போய்த் தொடுவது அவர்களுக்குச் சாதாரண ஷாட். இந்த இரண்டையும் அவர்களுக்குக் கொடுத்தது சின்ன வயதிலிருந்து ஆடும் ரொட்டேஷன் என்ற ஆட்டம். ஆகவே அந்தப் பாணி வேண்டுமென்றால் முதலில் ரொட்டேஷனைப் பிடியுங்கள். கை கடைசியில் வரட்டும். வராவிட்டாலும் நஷ்டமில்லை.

ரொட்டேஷன் எப்படி ஆடுவது?

15 பந்துகளையும் முக்கோணமாக அடுக்குங்கள். 1ஆம் எண் பந்து முனையில் இருக்கும். ஒவ்வொரு முறையும் வெள்ளை, டேபிளில் இருக்கிற மிகச் சிறிய எண்ணைத்தான் முதலில் தொட வேண்டும். அப்படித் தொட்ட பிறகு எந்தப் பந்து விழுந்தாலும் அதன் எண் உங்கள் கணக்கில் ஏறும். 1 முதல் 15 வரை கூட்டினால் 120. முதலில் 61 எடுப்பவர் வென்றவர்.

விதி இவ்வளவுதான். ஆனால் ஆடிப் பார்த்தால்தான் இதன் கொடுமை தெரியும். எய்ட் பாலில் உங்களுக்கு ஏழு பந்துகள் இருக்கும், எது வசதியோ அதை அடிக்கலாம். நைன் பாலில் வரிசை உண்டு, ஆனால் டேபிளில் ஒன்பதே பந்துகள். ரொட்டேஷனில் வரிசையும் உண்டு, நெரிசலும் உண்டு. 2 ஒரு மூலையில், 3 அடுத்த மூலையில், நடுவே பன்னிரண்டு பந்துகள் வழியை மறித்து நிற்கும். 2ஐப் போட்டுவிட்டு அந்த இடுக்குகள் வழியே வெள்ளையை 3க்கு நகர்த்த வேண்டும். முடியாதபோது சின்ன எண்ணை லேசாகத் தொட்டு, அது போய் 14ஐயோ 15ஐயோ தள்ளும்படி செய்ய வேண்டும். காம்பினேஷன் (ஒரு பந்தால் இன்னொன்றைத் தள்ளிப் போடுவது), கேரம் (ஒரு பந்தில் பட்டுத் தெறித்து இன்னொன்றுக்குப் போவது), பேங்க் (பந்தைக் குஷனில் மோதவிட்டுப் போடுவது) எல்லாம் இங்கே அலங்காரம் இல்லை, அன்றாடத் தேவை. எதிராளி விட்டுவைத்த நெரிசலில் சின்ன எண் மறைந்திருந்தால் குஷன் வழியாகப் போவதைத் தவிர வேறு வழியே இல்லை.

இதைப் பத்து வருடம் ஆடிவிட்டு நைன் பால் டேபிளுக்கு வருபவனுக்கு அது காலி மைதானம் மாதிரி இருக்கும். 1980களிலும் 90களிலும் அமெரிக்காவுக்குப் போன பிலிப்பினோக்கள் அங்கே செய்துகாட்டியதில் பெரும்பகுதி இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

யாருடைய ஆட்டத்தைப் பார்த்துக் கற்கலாம்?

எஃப்ரன் ரேயஸில் தொடங்குங்கள். 1954இல் பாம்பங்கா மாகாணத்தில் பிறந்தவர். ஐந்து வயதில் மணிலாவுக்கு வந்து, மாமா நடத்திய லக்கி 13 என்ற பூல் கூடத்தில் வளர்ந்தார். உயரம் எட்டாமல் கோகோ கோலா பெட்டிகள் மேல் நின்று ஆடியிருக்கிறார். 1985இல் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்துக்குப் போனபோது அவருடைய பெயர் அங்கே ஏற்கெனவே பரவியிருந்ததால் சீசர் மொராலெஸ் என்ற பெயரில் போட்டியில் இறங்கி ஜெயித்தார். 1994இல் யு.எஸ். ஓபன் நைன் பால் பட்டத்தை வென்ற முதல் வெளிநாட்டவர். 1996இல் ஹாங்காங்கில் அமெரிக்க நட்சத்திரம் ஏர்ல் ஸ்ட்ரிக்லண்டுடன் முதலில் 120 ஆட்டம் எடுப்பவருக்கு 1,00,000 டாலர் என்று நடந்த போட்டியில் 120–117 என்று வென்றார். 1999இல் கார்டிஃபில் உலக நைன் பால் பட்டம், 2004இல் உலக எய்ட் பால் பட்டம்.

பட்டங்களைவிட அவருடைய ஷாட் தேர்வைக் கவனியுங்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் வீடியோவை நிறுத்தி, வெள்ளை எங்கே போகும் என்று நீங்களே சொல்லிப் பாருங்கள். பிறகு ஓடவிடுங்கள். நீங்கள் சொன்னதும் அவர் செய்ததும் வேறுபடும் இடமெல்லாம் ஒரு பாடம். வெறுமனே பார்த்து ரசித்தால் நூறு மணி நேரம் பார்த்தாலும் ஆட்டத்தில் ஏறாது.

அடுத்தவர் ஃபிரான்சிஸ்கோ புஸ்டமான்டே, 2010இல் தோஹாவில் உலக நைன் பால் சாம்பியன். பலமான பிரேக்கும் (அடுக்கிய பந்துகளைச் சிதறடிக்கும் முதல் அடி), கியூ நுனியைத் துணியருகே தாழ்த்தி வைத்து ஆட்டும் அந்த விசித்திரமான தயாரிப்பும் அவரை உடனே அடையாளம் காட்டும். இவரும் ரேயஸும் ஜோடியாக 2006இலும் 2009இலும் உலகக் கோப்பையை வென்றார்கள்.

இந்தத் தலைமுறையில் கார்லோ பியாடோ. கோல்ஃப் மைதானத்தில் ஆடுபவர்களின் மட்டைப் பையைத் தூக்கும் கேடி வேலை பார்த்தவர். 2017இல் உலக நைன் பால், 2021இல் யு.எஸ். ஓபன், 2025இல் ஜெட்டாவில் ஃபெடோர் கோர்ஸ்டை 15–13 என்று வென்று மறுபடியும் உலகப் பட்டம். பியாடோவின் ஸ்ட்ரோக் பழைய தலைமுறையைவிட நேரானது, எளிமையானது. நேராக அடித்தும் அந்த ஊர் ஆட்டத்தை ஆடலாம் என்பதற்கு அவர்தான் சாட்சி. தொடக்கக்காரர்கள் கையைப் பார்த்துப் பின்பற்ற வேண்டுமென்றால் இவருடைய கையைப் பார்க்கச் சொல்வேன்.

பெண் ஆட்டக்காரர்கள்?

ரூபிலன் அமித் 2009, 2013 இரண்டு முறையும் உலக மகளிர் டென் பால் பட்டம் வென்றவர். 2024இல் நியூசிலாந்தில் உலக மகளிர் நைன் பால் பட்டத்தையும் எடுத்தார். சாம்போவாங்காவைச் சேர்ந்த செஸ்கா சென்டெனோ 2023இல் ஆஸ்திரியாவில் டென் பால் பட்டம் வென்றார். அமித்தின் ஆட்டத்தில் பொறுமையைப் பாருங்கள். முடியாத பந்தை அடிக்காமல் விட்டு, எதிராளிக்கு ஒன்றும் கிடைக்காதபடி வைப்பதில் அவர் பெரிய கை.

இத்தனை சாம்பியன்கள் அந்த நாட்டில் எப்படி?

ஸ்பெயின் ஆட்சி, பிறகு 1946 வரை அமெரிக்க ஆட்சி, அதற்குப் பிறகும் 1990களின் தொடக்கம் வரை இருந்த அமெரிக்கப் படைத்தளங்கள், இப்படி இந்த விளையாட்டு அங்கே பல வழிகளில் வேரூன்றியது. கியூவுக்கு டாகோ, கியூ நுனியில் தேய்க்கும் சாக்பீஸுக்கு டிசா, பிரேக்குக்கு சார்கோ என்று இன்றும் ஸ்பானிய வாடையுள்ள சொற்கள்தான் புழங்குகின்றன. க்ளார்க் விமானப்படைத் தளம் இருந்த ஆஞ்சலஸ் நகரம் ரேயஸ் பிறந்த பாம்பங்காவில்தான் இருக்கிறது.

ஆனால் வரலாறு மட்டும் சாம்பியனை உண்டாக்காது. அங்கே பூல் டேபிள் கிளப்புக்குள் பூட்டிக் கிடப்பதில்லை. தெருவோரக் கூரைக்கடியில், சந்தைக்குப் பக்கத்தில், கிராமத்தில்கூட இருக்கும். காசில்லாத பையனும் பெரியவர்கள் ஆடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். நம் ஊரில் பில்லியர்ட்ஸும் ஸ்நூக்கரும் நீண்ட காலம் கிளப் உறுப்பினர்களுடைய ஆட்டமாக இருந்தன. இந்த வித்தியாசத்தை யோசிக்கும்போதெல்லாம் நம் பையன்களுக்கு என்னென்ன கிடைக்காமல் போயிற்று என்று எனக்கு வருத்தம் வரும்.

அந்த வளைந்த ஸ்ட்ரோக்கில் ஸ்பின் அதிகம் கிடைக்குமா?

கிடைக்காது. கியூ நுனி பந்தைத் தொட்டிருப்பது ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட். அந்த நேரத்தில் பந்துக்குப் போய்ச் சேருவது நான்கே விஷயங்கள்: நுனி எந்த இடத்தில் பட்டது, என்ன வேகம், எந்தத் திசை, கியூ எவ்வளவு சாய்ந்திருந்தது. அதற்கு முன்னால் கை எப்படி ஆடியது என்பது பந்துக்குத் தெரியாது.

அப்படியானால் ஏன் அப்படி ஆடுகிறார்கள்? இரண்டு காரணம் சொல்லலாம்.

ஒன்று, டேபிள். ஈரக்காற்று அடிக்கும் வெப்ப நாட்டில், ஏசி இல்லாத இடத்தில், தேய்ந்து தடித்த துணியில் பந்து மெதுவாகத்தான் ஓடும். அதில் வெள்ளையை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கொண்டுபோகக் குத்தி அடித்தால் வேலைக்காகாது. தளர்ந்த பிடியோடு கியூவை நீளமாக ஓடவிட்டால், பலம் போடாமலே வேகம் வரும். அந்தப் பழக்கம் கையில் ஊறிவிட்டது.

இரண்டாவது கொஞ்சம் நுட்பமானது. வெள்ளையின் பக்கவாட்டில் அடித்தால் அது குறிவைத்த கோட்டிலிருந்து எதிர்ப்பக்கம் சற்று விலகும். வலப்பக்கம் அடித்தால் இடப்பக்கம் ஒதுங்கும். பிலிப்பினோ ஆட்டக்காரர்கள் பலர் நடுவில் குறிவைத்துவிட்டு, அடிக்கும் கணத்தில் பின்கையை நகர்த்தி நுனியைப் பக்கத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அப்போது கியூவின் திசையும் சற்றுத் திரும்பும். பிரிட்ஜ் கை (கியூவை முன்னால் தாங்கும் கை) சரியான தூரத்தில் இருந்தால் இந்தத் திருப்பமும் அந்த விலகலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். பார்ப்பதற்கு மந்திரம், உள்ளே ஒரு கணக்கு.

அந்தக் கணக்கு ஒவ்வொரு கியூவுக்கும் மாறும். விலகலைக் குறைக்கும்படி செய்த இப்போதைய ஷாஃப்டில் (கியூவின் முன்பகுதி) அதே பழக்கத்தோடு அடித்தால், ஈடு அளவுக்கு மீறிப்போய்ப் பந்து தவறும். ஆயிரக்கணக்கான மணி நேரம் ஒரே மாதிரி கியூவோடு ஆடியவர்களுக்குத்தான் அது பொருந்தும். நீங்கள் நேராக அடியுங்கள். பக்க ஸ்பின் வேண்டுமென்றால் கியூவை முதலிலேயே அந்த இடத்தில் வைத்து அடியுங்கள்.

அப்படியென்றால் அவர்களுடைய கையிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது, பிடி. பின்கையின் விரல்களில் கியூ சும்மா தொங்குகிற மாதிரி பிடியுங்கள். உள்ளங்கை இறுகக் கூடாது. அடிக்கும் கணத்தில் இறுக்கிப் பிடிப்பதுதான் நம்மில் பாதிப் பேருடைய நோய். இறுக்கினால் கியூ நுனி எழும்பும், கீழே அடிக்க நினைத்தது நடுவில் படும், டிரா, அதாவது மோதிய பிறகு வெள்ளை பின்னால் திரும்பி வருவது, வராது.

இதைச் சோதிக்க வழி உண்டு. வெள்ளைக்கும் ஒரு பந்துக்கும் இடையே ஒரு கை அளவு தூரம் வைத்து, வெள்ளையின் கீழ்ப்பகுதியில் மெதுவாக அடித்து, அது ஒரு அடி பின்னால் வருகிறதா என்று பாருங்கள். பலம் போட்டுத்தான் பின்னால் வருகிறது என்றால் பிடி இன்னும் இறுக்கம். மெதுவாக அடித்தே வந்தால் சரி. அப்புறம் தூரத்தைக் கூட்டுங்கள்.

அதோடு, அடித்து முடித்த பிறகும் கியூ முன்னால் போய்க்கொண்டே இருக்கட்டும். பந்தில் பட்டவுடன் நிறுத்த நினைத்தால் படுவதற்கு முன்பே வேகம் குறையத் தொடங்கிவிடும்.

வெள்ளை எங்கே போகும் என்பதை எப்படிக் கற்பது?

இரண்டு விதி போதும், தொண்ணூறு சதவீதக் குழப்பம் தீரும்.

முதல் விதி: வெள்ளை எந்த உருளலும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போய் மோதினால், மோதிய பந்து போகும் திசைக்குச் செங்குத்தாக, 90 பாகையில் வெள்ளை பிரியும். ஸ்டன் ஷாட் என்பது இதுதான்.

இரண்டாவது விதி: வெள்ளை இயல்பாக உருண்டுகொண்டு போய் மோதினால், வந்த திசையிலிருந்து ஏறக்குறைய 30 பாகை விலகிப் போகும். மோதும் பந்தின் கால்வாசி முதல் முக்கால்வாசி வரை எவ்வளவு மறைத்து அடித்தாலும் இந்த 30 பெரிதாக மாறுவதில்லை. வலது கை சுட்டுவிரலையும் நடுவிரலையும் இயல்பாக விரித்து ஆங்கில எழுத்து வி போல வைத்தால் ஏறக்குறைய அந்தக் கோணம் கிடைக்கும். ஒரு விரலை வந்த திசையில் வைத்தால் மற்ற விரல் போகும் திசையைக் காட்டும்.

இந்த இரண்டு கோடுகளையும் ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் டேபிளில் மனதால் வரையுங்கள். வெள்ளையை இவற்றுக்கு நடுவில் எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம் என்பது புரிந்துவிட்டால், நெரிசலில் இடுக்கு தேடுவது தானாக வரும். பக்க ஸ்பின்னை அதன் பிறகு சேர்த்தால் போதும். குஷனில் பட்ட பிறகுதான் அதனுடைய பெரிய வேலை தொடங்குகிறது.

வெள்ளையைக் குஷனில் மோதவிட்டுப் பந்தைத் தொடும் கிக் ஷாட்டுக்குக் கணக்கு உண்டா, எல்லாம் உள்ளுணர்வா?

கணக்கில் தொடங்கினால்தான் உள்ளுணர்வு வரும். டேபிளின் விளிம்பில் பதித்திருக்கும் புள்ளிகளுக்கு டயமண்ட் என்று பெயர். நீளப் பக்கத்தில் எட்டு இடைவெளி, அகலப் பக்கத்தில் நான்கு. இவைதான் உங்கள் அளவுகோல்.

ஒரு குஷன் கிக்: வெள்ளை குஷனிலிருந்து 2 டயமண்ட் தள்ளி இருக்கிறது, அடிக்க வேண்டிய பந்து அதே குஷனிலிருந்து 1 டயமண்ட் தள்ளி. குஷன் ஓரமாக அளந்தால் இரண்டுக்கும் இடையே 3 டயமண்ட். அந்த மூன்றை 2:1 என்று பிரியுங்கள். வெள்ளைக்கு நேர் எதிரே உள்ள இடத்திலிருந்து 2 டயமண்ட் தள்ளிக் குஷனைத் தொட்டால் பந்து கிடைக்கும். இரண்டும் குஷனிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால் சரிபாதி.

மூலையைச் சுற்றிப் போகும் இரண்டு குஷன் கிக்: இது எனக்கு மிகவும் பிடித்த கணக்கு, ஏனென்றால் எண்ணே தேவையில்லை. வெள்ளைக்கும் அடிக்க வேண்டிய பந்துக்கும் நடுப்புள்ளியைக் கண்ணால் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் புள்ளியிலிருந்து, இரண்டு குஷன்களும் சேரும் மூலை பாக்கெட்டுக்குக் கியூவை நீட்டி ஒரு கோடு பிடியுங்கள். அந்தக் கோட்டைச் சாயாமல் இணையாக நகர்த்தி வெள்ளைப் பந்துக்குக் கொண்டுவாருங்கள். கியூ காட்டும் திசையில் நடுவில் அடியுங்கள். நண்பர்களுக்குக் காட்டும்போதெல்லாம் முதல் முறை பந்து தொடுவதைப் பார்த்து அவர்கள் முகம் மாறும்.

கணக்கு சொல்வதற்கும் டேபிள் செய்வதற்கும் சின்ன வித்தியாசம் எப்போதும் இருக்கும். வேகமாக அடித்தால் பந்து குஷனுக்குள் அழுந்தி, கோணம் குறுகித் திரும்பும். மெதுவாக உருளவிட்டால் அகன்று போகும். அதனால் எல்லாக் கிக்கையும் ஒரே நடுத்தர வேகத்தில் அடித்துப் பழகுங்கள்.

மூன்று குஷன் கணக்கு, பாக்கெட் இல்லாத டேபிளில் கியூவால் ஆடும் கேரம் ஆட்டத்திலிருந்து வந்தது (நம் ஊர் கேரம் போர்டு இல்லை). ரேயஸுக்கு அதிலும் நல்ல பழக்கம், தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளில் கேரமில் பதக்கம் எடுத்தவர். ஆனால் முதல் இரண்டும் கையில் நிற்கும் வரை அது உங்களுக்குத் தேவையில்லை.

ரேயஸின் அந்தப் பிரபலமான இசட் ஷாட்டைப் பற்றிச் சொல்லுங்கள்.

1995இல் அமெரிக்காவின் ரீனோ நகரில் சாண்ட்ஸ் ரீஜன்சி போட்டி, எதிரே ஏர்ல் ஸ்ட்ரிக்லண்ட். கடைசி ஆட்டத்தில் 5ஆம் எண் பந்து நேராகத் தெரியாதபடி மறைந்திருந்தது. ரேயஸ் வெள்ளையை ஒரு நீளக் குஷன், எதிர் நீளக் குஷன் என்று இசட் வடிவத்தில் அனுப்பி 5ஐப் பாக்கெட்டில் போட்டார். அடுத்த பந்துக்கும் வெள்ளை வசதியாக நின்றது.

பந்து விழுந்ததில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தொட்டதில் இல்லை. இந்தக் கணக்கைப் பாருங்கள். வெள்ளை முதல் குஷனிலிருந்து 2 டயமண்ட் தள்ளி, அடிக்க வேண்டிய பந்து எதிர்க் குஷனிலிருந்து 2 டயமண்ட் தள்ளி என்று வைத்துக்கொள்வோம். குறுக்கே போக வேண்டிய மொத்தத் தூரம் 2, பிறகு டேபிள் அகலம் 4, பிறகு 2, ஆக 8. நீளவாக்கில் இரண்டுக்கும் இடையே 4 டயமண்ட். அதாவது குறுக்கே இரண்டு போனால் நீளவாக்கில் ஒன்று. ஆகவே வெள்ளைக்கு நேர் எதிரிலிருந்து 1 டயமண்ட் தள்ளி முதல் குஷனில் பட வேண்டும். இதை ஒரு மாலை முழுக்க அடித்துப் பாருங்கள், நீங்களும் தொடுவீர்கள். பந்தின் எந்தப் பக்கத்தைத் தொடுவது என்பதுதான் அடுத்த இருபது வருட வேலை.

எப்போதும் இப்படிப்பட்ட ஷாட்களைத்தான் ஆட வேண்டுமா?

கூடாது. ரேயஸின் முழு ஆட்டம் ஒன்றைப் பார்த்தால் பெரும்பாலான ஷாட்கள் சலிப்பூட்டும் அளவுக்கு எளிமையாக இருக்கும். வெள்ளை சரியான இடத்தில் வந்து நிற்பதால் அடுத்ததும் எளிமை. அதிசயம் தேவைப்படுவது எதிராளி நல்ல சேஃப்டி வைக்கும்போது, அதாவது நமக்கு அடிக்க ஒன்றும் கிடைக்காதபடி வெள்ளையை நிறுத்தும்போது மட்டும்.

அவர்களிடம் கற்க வேண்டிய இன்னொன்று இரண்டு பக்கமும் காப்பு வைத்து ஆடுவது. பாக்கெட்டில் போட முயலும்போதே, தவறினால் இரண்டு பந்தும் எங்கே நிற்கும் என்று பார்த்து வேகத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். விழுந்தால் தொடரும், விழாவிட்டால் எதிராளிக்கு ஒன்றுமில்லை. நம் ஆட்களுக்குப் பந்தைப் பார்த்ததும் ஓங்கி அடிக்கத் தோன்றும். ஒரு வாரம் வேகத்தைப் பாதியாக்கி ஆடிப் பாருங்கள்.

நான் ஸ்நூக்கர் ஆடிப் பழகியவன். மறக்க வேண்டியது என்ன?

ஒன்றையும் மறக்காதீர்கள். நேராகக் குறிவைக்கும் திறன் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, அது பெரிய சொத்து. மாறுவது கருவிகள். ஸ்நூக்கர் பந்து 52.5 மில்லிமீட்டர், பூல் பந்து 57.15. கியூ நுனியும் தடிமன், பொதுவாக 12 முதல் 13 மில்லிமீட்டர். பாக்கெட் பெரிது. அதனால் பாக்கெட்டின் எந்தப் பகுதியில் போடுவது என்று தேர்ந்தெடுத்து வெள்ளையின் வழியை மாற்றிக்கொள்ள முடியும். ஸ்நூக்கர்காரர்கள் இதைப் பயன்படுத்தாமல் எல்லாவற்றையும் நடுவில் போட்டுவிட்டுக் கஷ்டமான கோணத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். குஷன் வழியாக வெள்ளையைச் சுற்றவிடவும் தயங்காதீர்கள். பூலில் இரண்டு, மூன்று குஷன் சுற்றி வருவதுதான் பல சமயம் பாதுகாப்பான வழி.

எங்கள் ஊர் டேபிள் மோசம். துணி தேய்ந்து, குஷன் செத்துக் கிடக்கிறது. அதில் பழகலாமா?

தாராளமாக. ஆடத் தொடங்கும் முன் நான்கு குஷனிலும் வெள்ளையை நேராக அடித்து எவ்வளவு தூரம் திரும்புகிறது என்று பாருங்கள். பிறகு தெரிந்த ஒரு கோணத்தில் அடித்துக் கணக்கோடு எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். ஐந்து நிமிடத்தில் அந்த டேபிளின் குணம் பிடிபடும். மழை நாளில் மறுபடியும் செய்யுங்கள், ஈரத்தில் துணியும் குஷனும் வேறு மாதிரி நடக்கும். மெதுவான துணியில் பழகிய கைக்கு வேகமான துணியில் கொஞ்சம் அடக்கி ஆடினால் போதும்.

என்ன கியூ வாங்குவது?

வளையாத, நுனி நன்றாக ஒட்டியிருக்கிற எந்தக் கியூவும். 19 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 540 கிராம், பெரும்பாலோருக்குப் பொருந்தும். வாங்கிய பிறகு மாற்றாதீர்கள், அதுதான் முக்கியம். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன் சாக் போடுங்கள்.

பிரேக்?

தொடக்கத்தில் முழு பலம் வேண்டாம். முன்பந்தில் நேராக, முழுமையாக மோதி, வெள்ளை டேபிள் நடுவில் நிற்கும் அளவுக்கு எவ்வளவு வேகம் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறதோ அவ்வளவு போதும். புஸ்டமான்டேவின் வேகம் அவருடைய உடம்பின் நேரக்கணக்கில் வருவது, தோள் பலத்தில் இல்லை.

பிலிப்பைன்ஸின் தாவாவோ நகரில் மருத்துவம் படிக்கிறேன். அங்கே உள்ள பூல் கூடங்களுக்குப் போய் ஆடலாமா?

தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் அந்த ஊரில் படிக்கிறார்கள், அதனால் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. கண்டிப்பாகப் போங்கள். இப்படி ஒரு வாய்ப்பு நமக்கெல்லாம் கிடைக்காது. பில்யாரான், அதாவது பூல் கூடம், எங்கே என்று கேட்டால் யாரும் வழிகாட்டுவார்கள். பகல் நேரத்தில் போங்கள், முதலில் ஓரமாக நின்று பாருங்கள், பெரியவர்களைக் குயா என்று அழையுங்கள், நம் அண்ணன் மாதிரி மரியாதையான சொல். ரொட்டேஷன் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொன்னால் பெரும்பாலும் சந்தோஷமாகச் சொல்லிக்கொடுப்பார்கள். பலமான ஆட்டக்காரர் உங்களுக்குச் சலுகையாகச் சில புள்ளிகளை முன்கூட்டியே தருவார். அதைப் பார்டிடா என்பார்கள். வெட்கப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம் வைத்து மட்டும் ஆடாதீர்கள். பந்தயம் அங்கே பரவலாக நடக்கிறதுதான், ஆனால் அனுமதி இல்லாத சூதாட்டம் அந்த நாட்டுச் சட்டப்படி குற்றம். மாணவர் விசாவில் இருப்பவர் அதில் மாட்டினால் படிப்புக்கே ஆபத்து. உங்கள் ஆட்டம் எந்த அளவு என்று ஐந்து நிமிடத்தில் கணித்துவிடும் ஊர் அது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான் கிடைக்கிறது, அதுவும் தனியாக. எப்படிப் பயன்படுத்துவது?

முதல் பதினைந்து நிமிடம் மெதுவான டிரா, ஸ்டன், இயல்பான உருளல் மூன்றையும் ஒரே ஷாட்டில் மாற்றி மாற்றி அடியுங்கள். ஒவ்வொரு முறையும் வெள்ளை நிற்கும் இடத்தை முன்கூட்டியே ஒரு சாக் துண்டால் குறித்து வையுங்கள்.

அடுத்த அரை மணி கிக். ஒரு குஷன் பத்து, மூலை சுற்றிப் பத்து, இடத்தை மாற்றி மறுபடியும் பத்து. தொட்டதா என்று மட்டும் கணக்கெடுங்கள், விழுந்ததா என்று வேண்டாம்.

மீதி நேரம் முழுக்க ரொட்டேஷன். ஐந்து பந்துகளைக் கையால் சிதறவிட்டு, வெள்ளையை வசதியான இடத்தில் வைத்துக்கொண்டு, சின்ன எண்ணிலிருந்து வரிசையாக எல்லாவற்றையும் போட முயலுங்கள். தவறினால் அந்தச் சுற்று முடிந்தது. மூன்றில் இரண்டு சுற்று முடிக்க முடிந்தால் ஆறு பந்து, பிறகு ஏழு. பந்து கூடக் கூட வழி அடைபடும், கோணம் பார்க்கும் விதம் மாறும். பத்து பந்துக்கு மேல் போகும்போது அடிப்பதற்கு முன்பே அடுத்த மூன்று பந்துகளுக்கான வழியைப் பார்க்கத் தொடங்கியிருப்பீர்கள். அப்போது பழைய ரேயஸ் ஆட்டம் ஒன்றை எடுத்து நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். முன்பு புரியாத பல ஷாட்களுக்கு அவர் ஏன் அந்த வழியைத் தேர்ந்தெடுத்தார் என்று உங்களுக்கே தெரிய ஆரம்பிக்கும்.